பிக் கன்ட்ரியின் 'தி கிராசிங்': பேக்பைப்பை மறந்துவிட்டுக் கேட்டால்

கடலோடி எழுதியது:

பிக் கன்ட்ரி என்ற ராக் குழுவின் பெயரை எடுத்தாலே, "கிடாரில் பேக்பைப் வாசிப்பார்களே, அவர்கள்தானே?" என்று ஒரு பதில் வரும். பேக்பைப் என்பது காற்றுப்பையை அமுக்கி வாசிக்கும் ஸ்காட்லாந்துக் குழல். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். 1983 ஜூலையில் வெளிவந்த அவர்களுடைய 'தி கிராசிங்' ஆல்பத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வாக்கியத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் இந்த இழை.

புதியவர்களுக்காக முதலில் சில விவரங்கள். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் டன்ஃபெர்ம்லின் என்ற ஊரில் தொடங்கிய குழு இது. பாட்டும் கிடாரும் ஸ்டூவர்ட் ஆடம்சன். இன்னொரு கிடார் புரூஸ் வாட்சன். பேஸ் டோனி பட்லர். டிரம்ஸ் மார்க் பிரெசிக்கி. தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட். மொத்தம் பத்துப் பாடல்கள். ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது, அமெரிக்காவில் 18ஆம் இடம். 'இன் எ பிக் கன்ட்ரி' இரண்டு நாடுகளிலும் 17ஆம் இடத்தைத் தொட்டது ஒரு வேடிக்கையான பொருத்தம். மறு ஆண்டு கிராமி விருதில் சிறந்த புதுமுகம் பிரிவில் இவர்கள் பெயரும் இருந்தது. விருதைக் கல்ச்சர் கிளப் கொண்டுபோய்விட்டது.

இனி என் கட்சி. இந்தப் பாடல்களில் வரும் மனிதர்களைப் பாருங்கள். ஊரை விட்டுக் கிளம்பியவன், கிளம்பியவன் விட்டுச்சென்றவள், திரும்பிவர வழி தெரியாதவன் என்று இவர்கள்தான் வருகிறார்கள். 'சான்ஸ்' பாடலில் ஒரு பெண். தொழிற்சாலையிலிருந்து வீரனைப்போல நடந்து வந்த ஒருவனை நம்பினாள். கடைசியில் அவன் அவளுக்கு விட்டுப்போனது இரண்டு மகன்களை மட்டும். 'தி ஸ்டார்ம்' பாடலில் மலையிலிருந்து இறங்கி வருகிறவன் எரியும் வீடுகளையும் பயந்து ஓடும் ஜனங்களையும் பார்க்கிறான். எந்த ஊர், எந்த ஆண்டு என்று பாடல் சொல்வதில்லை. ஆனால் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் குடியானவர்களை விரட்டிவிட்டு ஆடு மேய்க்க நிலம் எடுத்த பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொடுமை தெரிந்தவருக்கு அது நினைவுக்கு வராமல் போகாது. 'லாஸ்ட் பேட்ரல்' வழி தவறிய படைவீரர்களின் பாட்டு. 'குளோஸ் ஆக்‌ஷன்' கடலில் நடக்கிறது. மேற்குக் காற்றில் உன்னை வீடுவரை சுமந்து செல்வேன் என்று ஒருவன் வாக்குக் கொடுக்கிறான். 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பாடலின் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் நானூறு மைல் என்று போட்டிருக்கும்.

இதெல்லாம் எந்தக் காலத்தில்? பிரிட்டனில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்த காலம். பெய்ஸ்லிக்கு அருகே லின்வுட் கார் ஆலையை 1981இல் இழுத்து மூடிவிட்டார்கள். ஆடம்சன் இதைப் பற்றி ஒரு கோஷமும் எழுதவில்லை. ஆனால் இந்த ஆல்பத்தின் எந்தப் பாடலைத் திருப்பினாலும் மூட்டை கட்டிய ஒருவர் நிற்கிறார். கிடார் எந்த வாத்தியம்போல ஒலிக்கிறது என்பதைவிட, யாருக்காக ஒலிக்கிறது என்று கேட்டால் ஆல்பம் வேறு முகம் காட்டும்.


ரீங்காரம் எழுதியது:

நீண்ட வக்காலத்து. படித்தேன். ஆனால் காதுக்கு வருவோம்.

இந்த ஆல்பத்தில் எல்லாமே உச்சத்தில் தொடங்கி உச்சத்திலேயே முடிகிறது. முதல் பாடலில் டிரம்ஸ் மலை உருள்வதுபோல வருகிறது, சரி. இரண்டாவது பாடல் 'இன்வர்ட்ஸ்' அதே வேகம், அதே கூச்சல். முதல் பக்கம் முடிவதற்குள் யாராவது கொஞ்சம் உட்காரச் சொல்ல மாட்டார்களா என்று தோன்றுகிறது. நீங்கள் சொல்லும் துயரமான மனிதர்கள் எல்லோரும் மேடையேறி ஒலிபெருக்கியில் அழுகிறார்கள்.

இன்னொன்று. அதே 1983இல் அதே லில்லிவைட் யூ2 குழுவின் 'வார்' ஆல்பத்தைத் தயாரித்து வெளியிட்டிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முஷ்டியை உயர்த்தும் அதே வீரம், அதே அகன்ற டிரம்ஸ், அதே வானத்தைப் பார்க்கும் கிடார். எனக்கு 'தி கிராசிங்' அந்த வீட்டின் கொல்லைப்புறம்போலத்தான் படுகிறது.


ஆறாம்தந்தி எழுதியது:

ரீங்காரம் ஐயா, யூ2 ஒப்பீட்டுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கிடாருக்குப் போகிறேன். யூ2வின் கிடார்க்காரர் எட்ஜின் வாசிப்பு எதிரொலிக் கருவியை நம்பியிருக்கிறது. அவர் ஒரு சுரத்தைத் தட்டுகிறார், கருவி அதைத் திருப்பிச் சொல்கிறது, இரண்டுக்கும் நடுவே தாளம் உருவாகிறது. ஆடம்சனும் வாட்சனும் செய்வது வேறு. அங்கே இரண்டு மனிதர்கள் இரண்டு தனித்தனி மெட்டுகளை வாசிக்கிறார்கள். ஒருவர் தாளக் கிடார், மற்றவர் தனிக் கிடார் என்ற ராக் இசை வழக்கமான பிரிவே அங்கு இல்லை. இடது ஸ்பீக்கரை மட்டும் வைத்துக் கேளுங்கள், பிறகு வலது. இரண்டும் தனித்தனியே பாடிப் பார்க்கக்கூடிய மெட்டுகள்.

பேக்பைப்பை மறக்கச் சொல்கிறார் கடலோடி. நான் மறக்க மாட்டேன். அதில் இருக்கும் தொழில் சுவாரசியமானது. ஹைலேண்ட் பேக்பைப்பில் மெட்டு வாசிக்கக் கிடைப்பது மொத்தம் ஒன்பது சுரங்கள். நம் காதுக்கு ஹரிகாம்போஜியின் வாசம் அடிக்கும் வரிசை, நிஷாதம் இறங்கியிருக்கும். நாகஸ்வரத்துக்கு ஒத்து நிற்பதுபோல அடியில் ஆதார சுருதி ஓய்வில்லாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். பைக்குள் காற்று இருக்கும்வரை ஒலியை நடுவில் நிறுத்தவே முடியாது. அப்படியானால் ஒரே சுரத்தை இரண்டு முறை எப்படி வாசிப்பது? இடையில் மின்னல்போல இன்னொரு சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பைப் இசையின் அந்தக் கொத்துக் கொத்தான துள்ளல்கள் அலங்காரமாகத் தெரிந்தாலும் அவை கட்டாயத்தில் பிறந்தவை.

ஆடம்சன் எடுத்துக்கொண்டது இதைத்தான். அந்த ஒன்றிரண்டு தொடு சுரங்கள், ஒரு தந்தியைத் திறந்த நிலையில் அதிரவிட்டுப் பக்கத்துத் தந்தியில் மெட்டு. அவர் கிடாரில் புளூஸ் இசைக்காரர்கள்போலத் தந்தியை இழுத்து வளைப்பது மிகக் குறைவு. ராக் கிடாரிலிருந்து புளூஸை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஃபயர்' மிஞ்சும்.

கருவிகள் பற்றிக் கேட்பவர்களுக்கு: எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் பிட்ச் டிரான்ஸ்போசர் என்ற பெட்டி. வாசிக்கும் சுரத்தோடு அதன் உயர்த்திய அல்லது தாழ்த்திய நகலைச் சேர்த்துத் தரும். கூடவே ஈ-போ. கையில் அடங்கும் கருவி; காந்தப்புலத்தால் தந்தியை அதிரவைத்துக்கொண்டே இருக்கும். மீட்டாமலே சுரம் நீளும். இந்த இரண்டையும் கடையில் வாங்கிவந்து எத்தனையோ பேர் முயன்றார்கள். அவர்களுக்கு அந்த ஒலி கிடைத்தது, மெட்டு கிடைக்கவில்லை.


மழைக்கால மாலை எழுதியது:

வணக்கம். நான் இந்தக் குழுவைக் கேட்டதே இல்லை. 'இன் எ பிக் கன்ட்ரி' வீடியோவில் வண்டிகளில் புதையல் தேடி ஓடுவார்கள் என்று மட்டும் தெரியும். இவர்கள் திடீரென்று எங்கிருந்து வந்தார்கள்? அந்த யூ2 விஷயத்திலும் யார் யாரைப் பார்த்தது?


பழையதட்டு எழுதியது:

வாருங்கள். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடம்சன் இதற்கு முன் ஸ்கிட்ஸ் என்ற பங்க் குழுவில் கிடார் வாசித்தார். அதுவும் டன்ஃபெர்ம்லின் குழுதான், ரிச்சர்ட் ஜாப்சன் பாடகர். 1979இல் 'இன்டு தி வேலி' பிரிட்டனில் பத்தாம் இடம். யூ2வின் முதல் ஆல்பம் 'பாய்' வருவது 1980இன் கடைசியில். ஆக, அந்த வானத்தைப் பார்க்கும் கிடார் யார் வீட்டு முற்றம், யார் வீட்டுக் கொல்லை என்பதை ரீங்காரம்தான் முடிவு செய்ய வேண்டும். பல ஆண்டு கழித்து 2006இல் யூ2வும் கிரீன் டேயும் சேர்ந்து பாடிய 'தி செயின்ட்ஸ் ஆர் கமிங்' ஸ்கிட்ஸின் பாட்டு. மூலப் பதிவைத் தேடிக் கேளுங்கள்.

1981இல் ஆடம்சன் ஸ்கிட்ஸை விட்டு விலகினார். வாட்சனைச் சேர்த்துக்கொண்டார். பிக் கன்ட்ரியின் முதல் வடிவத்தில் ஐந்து பேர், கீபோர்டும் உண்டு. கீபோர்டு வாசித்தவர் பீட் விஷார்ட், பேஸ் அவருடைய சகோதரர் ஆலன். 1982இல் அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பருக்கு முன்னால் மேடையேறினார்கள். இரண்டே நிகழ்ச்சிகளில் சுற்றுப்பயணத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பிறகு விஷார்ட் சகோதரர்கள் விலக, பீட் ரன்ரிக் குழுவில் பல ஆண்டுகள் கீபோர்டு வாசித்துவிட்டு 2001இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார். ராக் குழுவிலிருந்து வெளியேறியவர்களில் இப்படி முன்னேறியவர் அதிகம் இருக்க மாட்டார்.

அடுத்துத்தான் பட்லரும் பிரெசிக்கியும். லண்டன் பக்கத்து ஆட்கள். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டின் தம்பி சைமனோடு ஆன் தி ஏர் என்ற குழுவில் இருந்தவர்கள். டவுன்ஷெண்டின் 'எம்ப்டி கிளாஸ்' ஆல்பத்தில் இருவரும் வாசித்திருக்கிறார்கள். பிரிடெண்டர்ஸ் குழுவின் 'பேக் ஆன் தி செயின் கேங்' பாட்டில் ஓடும் பேஸ் பட்லருடையது. ஊர்க்காரர் இருவரும், கூலிக்கு வாசித்துக் கைதேர்ந்த இருவரும் சேர்ந்ததால்தான் இந்தக் குழு நின்றது என்பது என் கணிப்பு.

முதல் சிங்கிள், அதாவது தனிப்பாடல் தட்டு, 'ஹார்வெஸ்ட் ஹோம்' 1982இல் வந்தது. தயாரித்தவர் கிறிஸ் தாமஸ். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் ஆல்பத்தில் கைவைத்த அதே தாமஸ். 91ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அதன் பிறகுதான் லில்லிவைட் வந்தார். அதே பாட்டை ஆல்பத்துக்காக மறுபடியும் பதிவு செய்தார்கள். இரண்டு பதிவுகளையும் வைத்துக் கேட்டால் தயாரிப்பாளர் என்பவர் என்ன செய்கிறார் என்பதற்கு வேறு பாடமே வேண்டாம்.


தாளக்கட்டு எழுதியது:

அப்பாடா, ஒருவராவது பட்லர், பிரெசிக்கி பெயரைச் சொன்னீர்களே. இந்த ஆல்பத்தைப் பற்றி எங்கே பேசினாலும் கிடார், கிடார், கிடார்.

'இன் எ பிக் கன்ட்ரி' எதில் தொடங்குகிறது? டிரம்ஸில். பிரெசிக்கி ராக் டிரம்மர்கள்போல நாலடித் தாளத்தின் இரண்டிலும் நாலிலும் ஓங்கி அடித்துவிட்டுச் சும்மா இருக்கிறவர் அல்லர். ஸ்நேர் டிரம்மில் ராணுவ அணிவகுப்பின் உருட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டில் வலது கை நுணுக்கமாக எதையோ தைத்துக்கொண்டிருக்கும். கிடார்கள் இரண்டும் மேலே பறக்கும்போது தரையில் யாராவது நடக்க வேண்டாமா? அந்த நடை இவருடையது.

லில்லிவைட்டின் டிரம்ஸ் ஒலி என்று எல்லோரும் சொல்வது பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்தில் பிரபலமானது. அடியின் எதிரொலியை வீங்கவிட்டுச் சட்டென்று கத்தரித்துவிடுவது. அதில் பொறியாளர் ஹியூ பாட்ஜம், டிரம்ஸ் வாசித்த பில் காலின்ஸ் இருவருக்கும் பங்கு உண்டு. எண்பதுகளின் பாதி ஆல்பங்களை அந்த ஒலி கெடுத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் பிரெசிக்கியின் அடிகள் அவ்வளவு நெருக்கமானவை. எதிரொலி நீண்டிருந்தால் எல்லாம் குழைந்து கூழாகியிருக்கும்.

பட்லரைக் கேட்க 'சான்ஸ்' போதும். ஆல்பத்திலேயே சத்தம் குறைந்த இடம். அந்த பேஸ் ஒரு சுரமும் வீணாக்குவதில்லை. பின்குரலிலும் அவர் இருக்கிறார். ரீங்காரம் ஐயா உட்கார இடம் கேட்டாரே, இதோ நாற்காலி.


ரீங்காரம் எழுதியது:

'சான்ஸ்' நல்ல பாட்டு. நான் அதைக் குறை சொல்லவே இல்லை. பிரிட்டன் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை போனதும் நியாயமே. பழையதட்டு சொன்ன ஸ்கிட்ஸ் கணக்கும் சரி, கிடார் ஒலிக்கு மூத்தவர் ஆடம்சன். ஆனால் மூத்தவர் என்பதற்காக 'இன்வர்ட்ஸ்' நல்ல பாட்டாகிவிடாது.

என் எரிச்சல் வேறொன்றிலும் இருக்கிறது. கட்டம் போட்ட சட்டை, மலை, புயல், கப்பல், படைவீரன். இது சுற்றுலா நினைவுப்பொருள் கடையில் விற்கும் ஸ்காட்லாந்து இல்லையா? பக்கத்தில் கிளாஸ்கோவில் ஆரஞ்சு ஜூஸ் போன்ற குழுக்கள் நகரத்துப் பையன்களின் காதலையும் கூச்சத்தையும் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் இருநூறு ஆண்டு பின்னால் போய்ப் போர்வை போர்த்திக்கொண்டார்கள்.


கடலோடி எழுதியது:

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

அந்த நான்கு பேரும் எங்கே பிறந்தார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? ஆடம்சன் பிறந்தது மான்செஸ்டரில். வாட்சன் பிறந்தது கனடாவில், ஒண்டாரியோவின் டிம்மின்ஸ் என்ற சுரங்க ஊரில். பட்லர் லண்டன். பிரெசிக்கி இங்கிலாந்தின் ஸ்லவ். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய பறைசாற்றல் என்று எல்லோரும் சொல்லும் ஆல்பத்தைச் செய்தவர்களில் ஒருவர்கூட ஸ்காட்லாந்து மண்ணில் பிறக்கவில்லை.

ஏன்? ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் வேலை தேடி மான்செஸ்டருக்கும் கனடாவுக்கும் போயின, பிறகு சில திரும்பி வந்தன. ஆடம்சன் வளர்ந்தது டன்ஃபெர்ம்லின் அருகே கிராஸ்கேட்ஸ் என்ற நிலக்கரிக் கிராமத்தில். அவருடைய அப்பா மீன்பிடித் தொழிலில் உலகம் சுற்றியவர். பையனைப் புத்தகம் படிக்கத் தூண்டியவரும் அவரே. வீட்டில் நாட்டுப்பாடல்கள் ஒலித்தன. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்குக் கப்பலும் பிரிவும் நினைவுப்பொருள் கடையில் வாங்கிய சமாச்சாரமாக இருக்க முடியுமா? 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பாடலின் நடுவே ஓர் அப்பாவும் மகனும் வருகிறார்கள், அவர்களுக்கு இடையே ஒரு தூரமும். அதைக் கேட்டுவிட்டு அந்தக் கட்டம் போட்ட சட்டையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சட்டை அசிங்கம்தான். அதில் நமக்குள் சண்டை இல்லை.


ஃபோர்த் கரை எழுதியது:

நான் எடின்பரோவில் வசிக்கிறேன், வேலை விஷயமாக ஃபைஃப் பக்கம் அடிக்கடி போய் வருகிறேன். வரைபடத்தைப் பார்க்காமல் இந்த ஆல்பத்தைக் கேட்பவர்களுக்குச் சில சேதி.

எடின்பரோவிலிருந்து டன்ஃபெர்ம்லினுக்கு ரயிலில் போனால் 1890இல் திறந்த சிவப்பு இரும்புப் பாலத்தின் மேல் ஃபோர்த் கழிமுகத்தைக் கடக்க வேண்டும். கடந்ததும் இடது கைப் பக்கம் ரோசித் கப்பல்துறை, முன்பு கடற்படைத் தளமாக இருந்த இடம். வாட்சன் இசைக்கு வருமுன் அங்கே நீர்மூழ்கிக் கப்பல்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். ஊருக்குள் போனால் அபே தேவாலயம். உள்ளே மன்னர் ராபர்ட் புரூஸின் கல்லறை. சற்றுத் தள்ளி எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி 1835இல் பிறந்த நெசவாளர் வீடு. கைத்தறி லினன் நெசவுக்குப் பெயர்போன ஊர். விசைத்தறி வந்ததும் கார்னெகியின் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கடலோடி சொல்லும் கதை அந்த ஊருக்குப் புதிதே அல்ல.

ஊரில் ஆடம்சனை இன்னும் மறக்கவில்லை. டன்ஃபெர்ம்லின் அத்லெட்டிக் கால்பந்து அணி மைதானத்துக்குள் ஓடிவரும்போது ஒலிப்பது ஸ்கிட்ஸின் 'இன்டு தி வேலி'. மழையில் நனைந்துகொண்டு நிற்கும் கூட்டம் அந்தக் கிடார் தொடங்கியதும் நிமிர்வதைப் பார்த்தால் ரீங்காரம் ஐயாவும் ஒலிபெருக்கியை மன்னித்துவிடுவார்.

கிளாஸ்கோவுக்கும் இவர்களுக்கும் பகை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1983 டிசம்பர் 31 இரவு கிளாஸ்கோவின் பாரோலேண்ட் அரங்கில் அவர்கள் நடத்திய புத்தாண்டு நிகழ்ச்சி பதிவாகிப் பிறகு வெளியானது. ஸ்காட்லாந்தில் புத்தாண்டு இரவு கிறிஸ்துமஸைவிடப் பெரிய கொண்டாட்டம். அந்த இரவில் அந்த ஊரில் மேடை கிடைத்தது என்றால் ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஆல்பத்தைவிட அந்தப் பதிவில் பாடல்கள் இன்னும் வேகம். ரீங்காரம் கேட்க வேண்டாம்.


எஃகுநகரம் எழுதியது:

எல்லோரும் தப்பான ஆல்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கடலோடி 'தி கிராசிங்' ஆல்பத்தில் தேடித் தேடி எடுக்கும் விஷயம் எல்லாம் 1984இல் வந்த 'ஸ்டீல்டவுன்' ஆல்பத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. இங்கிலாந்தின் கார்பி நகரத்து எஃகு ஆலைக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கில் போய்க் குடியேறினார்கள். பிறகு அந்த ஆலையில் எஃகு உருக்குவதை நிறுத்திவிட்டார்கள். தலைப்புப் பாடல் அதைத்தான் பாடுகிறது. ஸ்டாக்ஹோமில் ஆபா குழுவின் போலார் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். பிரிட்டனில் முதலிடம். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது வந்த ஆல்பம். இதைவிட என்ன வேண்டும்?


கடலோடி எழுதியது:

எஃகுநகரம் அண்ணா, 'ஸ்டீல்டவுன்' பெரிய ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் அது நெரிசலானது. ஒலி மேல் ஒலி அடுக்கி மூச்சுத் திணறுகிறது. ரீங்காரம் 'தி கிராசிங்' பற்றிச் சொன்ன குறை உண்மையில் அதற்குத்தான் பொருந்தும். அங்கே ஆடம்சனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே தெரிந்துவிட்டது. 'தி கிராசிங்' ஆல்பத்தில் அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். 'ஹார்வெஸ்ட் ஹோம்' பாடலைப் பாருங்கள். வேலிகள் விழுந்ததை யார் பார்த்தது என்று கேள்வி மேல் கேள்வியாகப் போகிறது. விதைத்ததையே அறுப்பாய் என்று பல்லவி. விதைத்தவன் யார், அறுத்தவன் யார் என்று சொல்லாமலே விட்டுவிடுகிறார். தெரியாத இடத்தில் நிற்கும் அந்தப் பாட்டுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.


எஃகுநகரம் எழுதியது:

தெளிவாகச் சொன்னால் குறை, சொல்லாவிட்டால் கவிதை. நல்ல நியாயம் தம்பி.


பழையதட்டு எழுதியது:

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், அலமாரியில் இடம் இருக்கிறது.

நான் வேறொன்று கேட்க நினைத்தேன். ஆடம்சன் 2001 டிசம்பரில் ஹவாயில் இறந்துபோனார். வயது 43. நீண்ட காலம் குடியோடு போராடியவர். அந்தச் செய்திக்குப் பிறகு 'இன் எ பிக் கன்ட்ரி' பாட்டைச் சாதாரணமாகக் கேட்க முடிகிறதா? துவண்டு தரையில் கிடக்கும் ஒருவரை எழுந்திரு என்கிறது அந்தப் பாட்டு. பாலைவனத்தில் பூச்செடி வளரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் உயிரோடு இருக்க முடியும், குளிர்காலத்திலும் வெயிலைப் பார்க்க முடியும் என்கிறது. உயிரோடு இரு என்று நேராகவே சொல்கிறது.


தாளக்கட்டு எழுதியது:

இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஒருவர் எப்படி இறந்தார் என்பதை எடுத்து வந்து அவர் 25 வயதையொட்டி எழுதிய பாட்டின் மேல் ஒட்டுவது அநியாயம். அந்தப் பாட்டு மற்றவருக்காக எழுதியது. இதைக் கேட்டு எழுந்து நின்றவர்கள் உண்டு. எழுதியவருக்கு அது பின்னால் உதவாமல் போனதால் பாட்டு பொய்யாகிவிடாது. நோய் வேறு, பாட்டு வேறு.


ஃபோர்த் கரை எழுதியது:

தாளக்கட்டு சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் குழுவின் மற்றவர்களே பின்னாளில் கூடி இதே பாடல்களை வாசித்தபோது கூட்டம் அந்த 'உயிரோடு இரு' வரியில் மட்டும் குரலை உயர்த்துகிறது. ஒட்டுவது நியாயமோ இல்லையோ, ஜனங்கள் ஒட்டிவிட்டார்கள்.


மழைக்கால மாலை எழுதியது:

இத்தனையும் படித்துவிட்டு நேற்று இரவு முழு ஆல்பத்தையும் கேட்டேன். முதல் பாட்டு உடனே பிடித்துவிட்டது. 'இன்வர்ட்ஸ்' விஷயத்தில் ரீங்காரம் ஐயா பக்கம் நிற்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இங்கே யாரும் அதிகம் பேசாத 'லாஸ்ட் பேட்ரல்'. நாங்கள் யாரையும் காப்பாற்றுவதில்லை, எந்த வாக்கையும் முறிப்பதில்லை என்று அந்தப் படைவீரர்கள் சொல்லும் இடம் விசித்திரமாக இருக்கிறது. அவர்கள் பெருமைப்படுகிறார்களா, பயத்தில் உளறுகிறார்களா?

கடைசிப் பாட்டு 'பொரோமேன்' எனக்குப் பிடிபடவில்லை. ஏறக்குறைய எட்டு நிமிடம். எங்கே போகிறது அது?

இன்னொரு சந்தேகம்: எந்தப் பதிப்பை வாங்கலாம்?


ஆறாம்தந்தி எழுதியது:

'பொரோமேன்' பாட்டை வார்த்தைக்காகக் கேட்க வேண்டாம். வெகுநேரம் மெதுவாகக் கூடி வந்து, நடுவில் கிடார்கள் இரண்டும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து கேளுங்கள். ஆல்பம் முழுக்க மூன்று நாலு நிமிடச் சட்டத்துக்குள் அடங்கியிருந்த கைகள் அங்கேதான் அவிழ்கின்றன. ஹெட்ஃபோனில், இரவில் கேட்பது உத்தமம். அப்போதும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.


பழையதட்டு எழுதியது:

பதிப்பு பற்றி: 2012இல் வந்த முப்பதாம் ஆண்டு இரட்டைக் குறுந்தகட்டுப் பதிப்பு கையில் கிடைத்தால் அதை எடுங்கள். ஆல்பத்தோடு உபரிப் பாடல்களும் ஆரம்பகாலப் பதிவுகளும் இருக்கும். பழைய இசைத்தட்டு வேண்டுமென்றால் அட்டை ஒரே நிறத்தில் மட்டும் வரவில்லை. நீலம், சிவப்பு, பச்சை என்று வந்திருக்கிறது. நிறத்துக்காக அதிக விலை கேட்பவரிடம் வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் பாட்டு ஒன்றுதான். தட்டில் வாங்கினால் 'ஹார்வெஸ்ட் ஹோம்' இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டாக வரும். தட்டைத் திருப்பிப் போட்டதும் அது தொடங்கும் விதம் தொடர்ச்சியாக ஓடும் குறுந்தகட்டில் கிடைக்காது.


ரீங்காரம் எழுதியது:

மழைக்கால மாலை கேட்ட 'லாஸ்ட் பேட்ரல்' கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: பயம்தான். பெருமையாக இருந்தால் அந்தப் பல்லவியை அத்தனை முறை திரும்பத் திரும்பப் பாட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. இந்த ஆல்பத்தின் கூச்சல் எனக்குப் பொருளோடு கேட்கும் ஒரே பாட்டு அது.

'இன்வர்ட்ஸ்' பற்றிய என் தீர்ப்பில் மாற்றமில்லை.


கடலோடி எழுதியது:

'இன்வர்ட்ஸ்' பாட்டுக்குத் தனி இழை போடுகிறேன். அங்கே வாருங்கள், பேசிக்கொள்வோம். எஃகுநகரம் அண்ணாவும் வரலாம், 'ஸ்டீல்டவுன்' பேச்சை வெளியே விட்டுவிட்டு வருவதானால்.